பூதலிங்கம் ஊற்றிய காடி

முன்னொரு காலத்தில் குறிஞ்சாக்கோட்டைச் சீமையைக் கீர்த்திவளவன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் ஒரு புத்தி, சாயங்காலம் ஒரு புத்தி. அப்படிப்பட்ட ஆளோடு பேரம் பேசிப் பார்த்தவனுக்குத்தான் அந்த அவஸ்தை தெரியும்.

ஒரு சனிக்கிழமை எண்ணெய் தேய்க்கும்போது ராஜாவின் மோதிரம் எண்ணெய்ச் சட்டிக்குள் நழுவி விழுந்தது. குனிந்து பார்த்தான். ஒரே இருட்டு. வந்ததே கோபம்!

"இது எண்ணெயா, சாக்கடையா? அடியில் கிடக்கிற மோதிரம் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி எண்ணெய் வேண்டும். அமாவாசைக்குள் வராவிட்டால் எண்ணெய் ஆட்டுகிற செக்குத் தெருக்காரர்கள் அத்தனை பேரும் சீமையை விட்டுப் போகட்டும்!"

மந்திரி தீத்தாரப்பர் எழுந்தார். "அவர்களை விரட்டினால் அடுத்த சனிக்கிழமை தலைக்குத் தண்ணீரைத்தான் தேய்க்கவேண்டும், மகாராஜா. பொறுப்பை என்னிடம் விடுங்கள்."

"முடியாவிட்டால்?" என்று குறுக்கே விழுந்தான் பண்டகசாலை அதிகாரி பூதலிங்கம். மந்திரி ஆசனத்தின்மேல் அவனுக்கு ரொம்ப நாளாகக் கண். யார் எதைக் கேட்டாலும் 'இருப்பு இல்லை' என்று கையை விரிக்கிற ஆசாமி.

"முடியாவிட்டால் அந்தத் தெருவோடு நானும் மூட்டை கட்டுகிறேன்."

மறுநாள், எண்ணெயைத் தெளியவைக்க என்று மந்திரி ஏரிக்கரையில் வெட்டச் சொன்ன வெளிர் களிமண் தொட்டி தொட்டியாக அரண்மனை முற்றத்தில் வந்து இறங்கியது. சபையே கேட்கும்படி மந்திரி காவலாளை அதட்டினார்: "அடேய், இந்த மண்ணில் புளிப்பு ஒரு சொட்டுப் பட்டாலும் எல்லாம் பாழ்! காடி, எலுமிச்சை எதையும் கிட்டே விடாதே!"

மதியம் காவலாள் சாப்பிடப் போனான். பூதலிங்கம் பண்டகசாலையைத் திறந்து, பானை பானையாகப் புளித்த கஞ்சிக் காடியைக் கொண்டுவந்து அத்தனை தொட்டியிலும் கவிழ்த்துவிட்டுப் போனான்.

மந்திரி கண்டும் காணாதவர் போல இருந்துவிட்டார். மண் நன்றாக ஊறியதும், புளிப்பு போகும்வரை அலசி, வெயிலில் உலர்த்தி, இடித்துச் சலித்தார். சூடான எண்ணெயில் அந்தப் பொடியைப் போட்டுக் கிளறித் துணியில் வடித்தார்.

அமாவாசையன்று சபையில் எண்ணெய்ச் சட்டி வந்தது. ராஜா மோதிரத்தைப் போட்டான். அடியில் சிவப்புக்கல் மினுங்கியது!

"நடக்காது!" என்று துள்ளினான் பூதலிங்கம். "நானே என் கையால் பானை பானையாகக் காடி ஊற்றினேனே!"

சபை மொத்தமும் அவன் பக்கம் திரும்பியது.

"அந்தக் காடிதான் வேண்டியிருந்தது, பூதலிங்கனாரே," என்றார் மந்திரி. "புளிப்பில் ஊறினால்தான் இந்த மண் எண்ணெயின் கறுப்பைப் பிடித்து இழுக்கும். கேட்டிருந்தால் இருப்பு இல்லை என்றிருப்பீர். வேண்டாம் என்றேன், சுமந்து வந்து ஊற்றினீர்."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "தீத்தாரப்பரே, என்ன பரிசு வேண்டும்?"

"எண்ணெயின் நிறத்துக்காகச் செக்குத் தெருவை இனி யாரும் விரட்டக்கூடாது."

"தந்தேன். ஓய் பூதலிங்கம், இனிமேல் அந்தத் தெருவுக்கு வேண்டிய காடியை உம் தலையில் சுமந்துபோய்க் கொடும். இப்போது சொல்லும், காடி இருப்பு இருக்கிறதா?"

"இருக்கிறது, மகாராஜா."

அந்த வாயிலிருந்து அப்படி ஒரு பதில் வந்தது அன்றைக்குத்தான்.