கிறுக்கு என்னும் சொல்

தணிகாசலம் வாத்தியார் மாற்றுத்துணிகூட எடுக்காமல்தான் மடத்துக்கு வந்து சேர்ந்தார். ஆயுசு முழுக்கப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர். மடத்துச் சாமியோ அவரைவிட இளையவர். இருக்கட்டுமே, மனசு விட்டுப்போய் வருகிறவன் வயதா பார்த்துக்கொண்டிருப்பான்?

வந்த அன்றே கேட்டுவிட்டார்.

"கிறுக்குங்கிற சொல் எங்கேருந்து வந்தது சாமி?"

சாமி முற்றத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "உங்களுக்குத் தெரியாததா வாத்தியாரே?"

"அகராதியெல்லாம் பார்த்துட்டேன். பைத்தியம்னு போட்டிருக்கு. தலைச்சுற்றல்னு போட்டிருக்கு. ஆதியில அதுக்கு ஒரு நல்ல அர்த்தம் இருந்திருக்காதா? செல்லமா, ஆசையா சொல்ற மாதிரி?"

"இருந்தா என்ன பண்ணுவீங்க?"

"ராத்திரி கொஞ்சம் தூங்குவேன்" என்றார் வாத்தியார்.

அப்புறம் மெல்ல மெல்ல விஷயம் வெளியே வந்தது. அவர் மனைவி செங்கமலத்துக்கு ஒரு பழக்கம். வெளியே கிளம்பும்போது வாசல் நிலையைத் தட்டிக்கொடுத்து, "போயிட்டு வரேன், பத்திரமா இரு" என்று வீட்டிடம் சொல்வாள். சொல்லிவிட்டுப் போகட்டுமே, யாருக்கு என்ன நஷ்டம்? மகள் கல்யாணம் முடிந்த புதிதில், சம்பந்தி வீட்டாரோடு கோயிலுக்குக் கிளம்பிய நாளிலும் அப்படித்தான் சொன்னாள். "அவளுக்கு இது ஒரு கிறுக்கு, கண்டுக்காதீங்க" என்றார் இவர். எல்லாரும் சிரித்தார்கள். அன்றோடு அந்தப் பழக்கம் நின்றுபோனது.

போன வருஷம் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டபோது அவள் கை நிலைவரைக்கும் போனது. இவரைப் பார்த்தாள். கையை இழுத்துக்கொண்டாள். போனவள் வீடு திரும்பவில்லை.

"கோபத்துலகூடச் சொல்லல சாமி. நல்லவிதமாத்தான் சொல்லியிருப்பேன்னு யாராவது எனக்குச் சொல்லணும். இல்லாட்டி அந்த வீட்டுல என்னால இருக்க முடியாது."

சாமி கீரையை ஒதுக்கிவைத்துவிட்டு எழுந்தார். "வாங்க, குளத்துக்குப் போகலாம். உங்களுக்குக் கொடுத்த அறையைப் பூட்டிக்கிட்டு, சொல்லிட்டு வாங்க."

"யார்கிட்ட?"

"அறைகிட்டத்தான். இங்க சிரிக்க ஆள் இல்ல."

வாத்தியார் கதவைப் பூட்டினார். நிலையில் கை வைத்தார். வாய் திறந்தது. வகுப்பறை அதிர முழங்கிய தொண்டையிலிருந்து, பாவம், ஒரு சத்தமும் வரவில்லை. பூட்டைப் பிடித்தபடியே அழுதார். அழுது முடிக்கட்டும் என்று சாமி பக்கத்திலேயே நின்றார்.

பிறகு கேட்டார். "அன்னைக்கு எல்லாரும் சிரிச்சப்போ உங்க வீட்டம்மா முகம் எப்படி இருந்துச்சு?"

வாத்தியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"தெரியல சாமி. நான் சம்பந்தியைப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டிருந்தேன்."

"நீங்க தேடுற அர்த்தம் அந்த முகத்துலதான் இருந்துச்சு வாத்தியாரே."