எதற்கும் ஆமாம் சொன்ன இருவாட்சி

ஒரு காட்டில் ஓர் இருவாட்சிப் பறவை இருந்தது. காடு முழுக்க அதற்கு நல்ல பெயர். காரணம் ஒன்றுதான்: யார் எதைக் கேட்டாலும் "ஆமாம்" என்று சொல்லிவிடும். மறுத்துப் பேசி யார் மனத்தையும் நோகடிக்காது.

குழந்தைகளே, இருவாட்சிகள் குடித்தனம் நடத்தும் விதமே வேறு. முட்டையிடும் காலம் வந்ததும் பெண் பறவை மரப்பொந்துக்குள் போய், வாசலை மண்ணாலும் எச்சத்தாலும் பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு பிளவுதான் மிச்சம். உள்ளே போனபின் இறகுகளையும் உதிர்த்துவிடும். வெளியே வந்தாலும் பறக்க முடியாது. குஞ்சு வளரும் வரை ஆண் பறவைதான் பழம் கொண்டுவந்து அந்தப் பிளவு வழியாக ஊட்ட வேண்டும்.

பக்கத்து மரங்களில் பழம் தீர்ந்ததிலிருந்து, நம் இருவாட்சி மூன்று நாளாகப் பழம் தேடப் போகவில்லை. பொந்துக்கு எதிர்க்கிளையில் உட்கார்ந்தபடியே இருந்தது. சிறகை விரிக்கும். உடனே மடக்கிக்கொள்ளும்.

"ஏங்க, நேத்து வரைக்கும் குஞ்சு கத்திக்கிட்டிருந்துச்சு. இன்னைக்குக் கத்தக்கூட அதுக்குத் தெம்பு இல்ல," என்றது உள்ளேயிருந்த மனைவி.

"இதோ கிளம்பிட்டேன்," என்றது இருவாட்சி. ஆனால் கிளம்பவில்லை.

செய்தி கேட்டுக் குரங்கு வைத்தியர் வந்தார். நோயாளி வாயைத் திறப்பதற்குள் நோயின் பெயரைச் சொல்லிவிடுவதில் அவருக்குத் தனிப் பெருமை.

"சிறகுல வலி. அதுதானே?"

"ஆமா, வைத்தியரே."

குரங்கு பச்சிலை அரைத்துச் சிறகில் பூசியது. இருவாட்சி பறக்கவில்லை.

"அப்போ கழுகைப் பார்த்துப் பயம். அதுதானே?"

"ஆமா, வைத்தியரே."

குரங்கு தன் மச்சான்கள் நான்கு பேரை மர உச்சியில் காவலுக்கு நிறுத்தியது. அப்போதும் இருவாட்சி பறக்கவில்லை.

"புரிஞ்சுபோச்சு! வீட்டுல சண்டை. சரியா?"

"ஆமா, வைத்தியரே."

பொந்தின் பிளவிலிருந்து ஓர் அலகு வெளியே நீண்டது. "சண்டையா? நமக்குள்ள எப்பங்க சண்டை வந்துச்சு?"

இருவாட்சி தலையைக் குனிந்துகொண்டது. "வைத்தியரு கேட்டாரு. அவரு சொன்னா சரியாத்தான் இருக்கும்னு..."

"மூணு நோய் சொன்னேன், மூணையும் ஒத்துக்கிட்டாச்சு. இனியும் பறக்கலைன்னா அது வெறும் சோம்பேறித்தனம்," என்று குரங்கு கையைத் தட்டிவிட்டுக்கொண்டது.

அந்த மரத்தடியில் ஒரு காட்டெருமை மூங்கில் இலையை மென்றுகொண்டிருந்தது. எதற்கும் அவசரப்படாத மாடு அது. வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு அண்ணாந்து பார்த்தது.

"அண்ணே, பறக்கலாம்னு ரெக்கையை விரிக்கிறீங்க இல்ல, அப்போ உங்களுக்கு என்ன ஆகுது?"

"படபடப்பு வரும். அதுதானேப்பா?" என்று குரங்கு குறுக்கே விழுந்தது.

"ஆமா," என்றது இருவாட்சி.

"வைத்தியரே, நான் கேட்டது அவரை," என்றது காட்டெருமை. பிறகு இன்னொரு வாய் இலையைப் பறித்து மெல்லத் தொடங்கியது.

காட்டெருமை நிதானமாக மென்றுகொண்டே இருந்தது. குரங்குக்கு உடம்பெல்லாம் அரித்தது. இரண்டு முறை வாயைத் திறந்து, காட்டெருமையின் கொம்பைப் பார்த்து மூடிக்கொண்டது.

"படபடப்பு இல்ல," என்றது இருவாட்சி கடைசியில். "தொண்டையில பழக்கொட்டை சிக்கிக்கிட்ட மாதிரி இருக்கு."

"ம்," என்றது காட்டெருமை.

"மூங்கில் புதர் வரைக்கும் போயிடுவேன்னுதான் தோணும். அப்புறம் திரும்பிப் பார்க்கணும்போல இருக்கும். திரும்பிப் பார்த்தா..." இருவாட்சி நிறுத்தியது.

காட்டெருமை மெல்லுவதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தது.

"பார்த்தா வாசல் உடைஞ்சு கிடக்கும்னு தோணுது. போன வருசம் அப்படித்தான் கிடந்துச்சு. பக்கத்துல அத்தி தீர்ந்துபோச்சுன்னு மலைக்கு அந்தப் பக்கம் போனேன். திரும்பி வர்றேன், மண்ணெல்லாம் கீழே கிடக்கு. மரநாய் வந்துட்டுப் போயிருக்கு. இவ இறகில்லாம ஒரு கிளையில ஒண்டிக்கிட்டு இருந்தா. குஞ்சு இல்ல. என் வாயில அத்திப்பழம் இருந்துச்சு. யாருக்குக் கொடுக்கறது?"

இருவாட்சி அழுதது. இதுவரை அதை யாரிடமும் சொன்னதில்லை, தனக்குத்தானேகூடச் சொல்லிக்கொண்டதில்லை.

"இந்த ஒரு வருசத்துல இதை என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே நீங்க," என்றது மனைவி.

"நீயும் கேக்கலியே."

"கேட்டா உங்களுக்கு வலிக்குமேன்னு இருந்தேன்."

காட்டெருமை குறுக்கிடவில்லை. இப்படிச் செய், அப்படிச் செய் என்று ஒரு யோசனையும் சொல்லவில்லை.

இருவாட்சி பொந்துக்கு அருகில் போய் உட்கார்ந்தது. "ஒண்ணு செய்யறியா? நான் போறப்போ நீ விடாம குரல் கொடு. உன் சத்தம் கேக்கற தூரம் வரைக்கும்தான் போவேன். சத்தம் நின்னா திரும்பிடுவேன்."

"தொண்டை கிழியற வரைக்கும் கத்தறேன். போயிட்டு வாங்க."

மனைவி கத்தத் தொடங்கியது. இருவாட்சி சிறகை விரித்தது. இந்த முறை மடக்கவில்லை. மூங்கில் புதரைத் தாண்டியது. குரல் கேட்டது. ஓடையைத் தாண்டியது. அப்போதும் குரல் கேட்டது. ஓடைக்கரையில் ஓர் ஆலமரம் பழுத்து நின்றது.

முதல் நடையில் கொண்டுவந்த பழங்கள் எல்லாம் குஞ்சுக்கே போயின. இரண்டாம் நடையில் குஞ்சு கத்தத் தொடங்கியது. அந்தச் சத்தம் ஓடை வரை கேட்டது.

மூன்றாம் நடையில் இருவாட்சி பிளவு வழியாக ஒரு பழத்தை நீட்டியபோது மனைவி அதை வாங்கவில்லை.

"மூணு நாளா கிளையை விட்டு அசையல. நீங்க ஏதாவது சாப்பிட்டீங்களா?"

இருவாட்சி சற்று யோசித்தது.

"இல்ல," என்றது.

நீதி: விடையைச் சொல்லிவிட்டுக் கேட்பவருக்குத் தன் விடையே திரும்பக் கிடைக்கும், கேட்டுவிட்டுக் காத்திருப்பவருக்கே அடுத்தவர் மனம் திறக்கும்.