கோடை மழைக்கு முளைக்காத புல்

அந்தக் காலத்தில், ஆடும் விதையும் மனிதரோடு பேசிக்கொண்டிருந்தபோது, கொழுக்கட்டைப் புல்லுக்குப் பொறுமை கிடையாது. நாலு துளி மழை விழுந்தாலும் முளைத்துவிடும்.

அப்போது ஒருமுறை செம்மேட்டு மேய்ச்சல் காட்டில் மழை பொய்த்து, புல் அடியோடு காய்ந்துபோனது. ஊரார் ஆடுகளை ஓட்டிக்கொண்டு மேற்கே மலையடிவாரத்துக்குக் கிளம்பினார்கள். பாவாயி மட்டும் போகவில்லை. அவளுடைய கிழட்டுச் செம்மறிக்குக் கண் தெரியாது. அவ்வளவு தூரம் அதனால் நடக்க முடியாது. அவள் கணவன் மாரப்பன் மந்தையோடு போனான். புல் வந்ததும் திரும்பிவிடுவதாகச் சொல்லி, ஒரு சுரைக்குடுக்கை நிறையப் புல்விதையை அவளிடம் கொடுத்துவிட்டுப் போனான்.

மந்தை கிளப்பிய புழுதி அடங்கியபின் காட்டில் ஒரு சத்தமும் இல்லை. பாவாயி ஆட்டோடு பேசினாள். பேச்சு தீர்ந்ததும் இருவரும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

சித்திரையில் இடி இடித்து மழை பெய்தது. அவளால் பொறுக்க முடியவில்லை. பாதி விதையை அள்ளிக் கட்டாந்தரையில் வீசினாள். காற்று கொஞ்சம் கொண்டுபோனது, கவுதாரி கொஞ்சம் பொறுக்கியது. மிஞ்சியது பச்சையாக எட்டிப் பார்த்தது. வெயில் திரும்பியதும் அதுவும் கருகியது.

குடுக்கையைத் திறந்து, உங்கள் கூட்டம் ஏன் இப்படிச் செத்தது என்று மிச்ச விதைகளிடம் கேட்டாள்.

"மண் எங்களைப் பிடித்துக்கொள்ளவில்லை, பாவாயி," என்றது ஒரு விதை. "மேலேயே கிடந்தோம். வேர் இறங்கினால் கீழே நெருப்பு. இனி நிலத்துச் சூடு தணியாமல் நாங்கள் கண் திறக்கமாட்டோம்."

அவள் காத்திருந்தாள். புரட்டாசி கடைசியில் காற்று குளிர்ந்தது. வெள்வேல முள்ளைக் கட்டி இழுத்து, மண்ணை மேலாகக் கீறிவிட்டாள். காற்று கொண்டுபோகாமலிருக்க விதையை ஈர மண்ணோடு பிசைந்தாள். பக்கத்தில் ஆடு பசியில் நடுங்கிக்கொண்டு நின்றது. மனம் தாளாமல் ஒரு பிடி விதையை அதன் வாயருகே நீட்டினாள்.

ஆடு முகத்தைத் திருப்பிக்கொண்டது. "நான் தின்றால் ஒரு வேளைக்கு ஆகும். விதைத்தால் மந்தை வரும், உனக்குப் பேச ஆள் இருக்கும். நீ விதை, நான் மிதிக்கிறேன்."

பாவாயி விதைத்தாள். பிறகு கயிற்றைப் பிடித்து ஆட்டை நடத்தினாள். அது காடு முழுவதும் மெல்ல நடந்து, விதையை மண்ணுக்குள் அழுத்தியது. பொழுது சாய்ந்தபோது வேலியோரம் படுத்தது. பிறகு எழவில்லை.

ஐப்பசி மழை தூறிக்கொண்டே இருந்தது. தூறல் விட்ட நாளில் அவள் கிணற்று நீரைக் கையால் தெளித்தாள். மண் காயவே இல்லை. புல் வந்தது.

தை மாதத்தில் ஊரார் மந்தைகளோடு திரும்பினார்கள். மாரப்பன் வரவில்லை. அவன் மலையடிவாரத்தில் வேறு குடும்பம் அமைத்துக்கொண்டதாகச் சொன்னார்கள். பாவாயி வேலிப் படல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, "புல் பூத்து விதை உதிரட்டும், அப்புறம் மேய்க்கலாம்," என்றாள். அவர்கள் அந்தப் புல்லையும் அவள் முகத்தையும் பார்த்துவிட்டு ஆடுகளை நிறுத்திக்கொண்டார்கள்.

அன்று முதல்தான், கோடை மழை எவ்வளவு கொட்டினாலும் கொழுக்கட்டைப் புல்விதை உறங்கிக் கிடக்கிறது. செம்மேட்டில் இன்றும் புல் விதைத்தவர்கள் முதலில் ஒரு கிழட்டு ஆட்டைத் தனியாக நடத்திவிட்டு, அதன் பிறகுதான் மிதிப்பதற்கு மந்தையை விடுகிறார்கள்.