சொட்டாத கார்

வெள்ளிமலைக்குறிச்சி ராஜாவுக்கு ராஜ்யம் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. கிரீடம் பெட்டிக்குள் போயிற்று, யானை கோயிலுக்குப் போயிற்று. ராஜகோபம் மட்டும் போகவில்லை. இத்தாலி நாட்டுப் பழைய குட்டிக் கார்கள் மேல் இருந்த பைத்தியமும் போகவில்லை.

வருஷா வருஷம் தர்பார் மண்டபத்தில் அந்தக் கார்களுக்குக் கண்காட்சி நடக்கும். அக்கம்பக்கத்து ஊர்களில் அப்படிக் கார் வைத்திருப்பவர்கள் தேய்த்து மினுக்கிக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். ஜெயித்தவர் மாலை போட்டுக்கொண்டு, ராஜாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கோட்டையை ஒரு சுற்று ஓட்டி வர வேண்டும். அதுதான் வழக்கம்.

அரண்மனை ஆலோசகர் கோமதிநாயகத்திடம் ஒரு சிவப்புக் கார் இருந்தது. ஆலோசனை கேட்க ராஜ்யம் இல்லாததால், மனுஷர் பாதிப் பொழுதை அந்தக் காருக்கு அடியில்தான் கழிப்பார். கத்திரிக்காய் வாங்கப் போனாலும் அதில்தான் போவார். சில வருஷமாக மாலை அவர் கழுத்தை விட்டு நகரவில்லை.

அரண்மனை மானேஜர் பரமார்த்தலிங்கத்துக்கு அதைப் பார்த்துப் பார்த்து வயிறு எரிந்தது. அவரிடமும் அதே மாதிரிக் கார், பால் நிறத்தில். அதன்மேல் தூசி உட்கார்ந்தால் தோளில் கிடக்கும் பட்டு அங்கவஸ்திரத்தாலேயே துடைப்பார்.

அந்த வருஷம் மண்டபத்துக்குப் புதிதாகப் பளிங்கு போட்டிருந்தார்கள். மானேஜர் ராஜாவின் காதோரம் போய் நின்றார்.

"மகாராஜா, இந்தக் கிழட்டு எஞ்சின்க எல்லாம் ஆயிலைச் சொட்டிக்கிட்டே நிக்கும். பளிங்கு பாழாப் போயிரும். நல்லாப் பராமரிச்சா என் வண்டி மாதிரி சொட்டாம இருக்கும். சிலபேருக்கு அந்தச் சிரத்தை கிடையாது."

ராஜாவுக்குச் சுருக்கென்று ஏறியது. உடனே உத்தரவு பிறந்தது. ஒவ்வொரு காருக்கு அடியிலும் வெள்ளைத் துணி விரிக்க வேண்டும். சொட்டாத காருக்கு மாலை. சொட்டிய காரின் எஞ்சினைக் கழற்றிவிட்டு, அந்தக் காரில் மண்ணைக் கொட்டி, நந்தவனத்தில் நிறுத்திப் பூச்செடி வைக்க வேண்டும்.

அதைக் கேட்டதும் பலபேர் வராமலே இருந்துவிட்டார்கள். ஆலோசகர் வராமல் இருக்க முடியுமா? கோமதிநாயகம் எல்லா நட்டையும் இறுக்கினார், எஞ்சின் இடுக்கில் வைக்கும் தக்கை அட்டையை மாற்றினார், மசகு தடவினார். கார் தன் பாட்டுக்குச் சொட்டியது. தன் காரில் கனகாம்பரம் பூத்திருப்பதை நினைத்து மறுபடியும் அடியில் போய்ப் படுத்தார்.

கண்காட்சி அன்று அவர் தன் காரை ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார். மானேஜரின் காரை நாலு ஆட்கள் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

"என்ன அண்ணாச்சி, தள்ளிட்டு வாறீரு?" என்றார் கோமதிநாயகம்.

"பளிங்குல டயர்த் தடம் விழக்கூடாதுல்லா வே."

கோமதிநாயகம் அந்தக் காரை ஒரு பார்வை பார்த்தார்.

பிற்பகல் ராஜா துணிகளைப் பார்வையிட்டார். மானேஜரின் துணி வெளுத்து வந்த வேட்டியாக இருந்தது. கோமதிநாயகத்தின் துணியில் தோசை அகலத்துக்குக் கறை.

ராஜாவுக்கே மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. "ஆலோசகரே, சொன்னது சொன்னதுதான். மாலையை மானேஜருக்குப் போடுங்க. உம்ம எஞ்சினைக் கழத்த ஆள் வரட்டும்."

"உத்தரவு மகாராஜா. அதுக்கு முந்தி வழக்கப்படி ஜெயிச்ச வண்டியில மகாராஜா சமூகம் கோட்டையைச் சுத்தி வரணுமே. பாத்துட்டு அப்புறம் கழத்துதேன்."

"அதுவும் சரிதான்," என்று ராஜா பால்நிறக் காரில் ஏறி உட்கார்ந்தார்.

மானேஜர் முகம் வெளிறியது. "மகாராஜா, வண்டியில பெட்ரோல் இல்ல."

"என் டிக்கியில ஒரு கேன் இருக்கு," என்று கோமதிநாயகம் தானே கொண்டுவந்து ஊற்றினார்.

"பேட்டரி வேற கொஞ்சம் மக்கரு..."

"என் பேட்டரியை எடுத்துக்கிடும் அண்ணாச்சி. என் வண்டிக்கு இனி என்னத்துக்கு?" அதையும் மாட்டிக் கொடுத்தார்.

மானேஜருக்கு வேறு வழியில்லை. மாலையும் கழுத்துமாக ஏறி உட்கார்ந்து சாவியைப் போட்டார். ஒருதரம் ராஜாவைப் பார்த்தார், ஒருதரம் எஞ்சின் மூடியைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. சாவியை உருவி ராஜாவின் காலடியில் வைத்துவிட்டார்.

"முடியாது மகாராஜா. ராத்திரியே அடி நட்டைக் கழத்தி ஆயில் பூராத்தையும் வடிச்சிட்டேன். இப்ப ஓட்டினா எஞ்சின் இறுகிப் பிடிச்சிப் பாழாப் போயிரும். என்னை என்ன வேணும்னாலும் செய்யுங்க, வண்டியை ஓட்டச் சொல்லாதீங்க. ஆயில் இருந்தா இதுவும் சொட்டத்தான் செய்யும்."

ராஜா மீசை துடிக்க இறங்கி ஆலோசகரிடம் வந்தார்.

"உமக்கு இது எப்பத் தெரியும்?"

"தள்ளிட்டு வரும்போதே தெரியும் மகாராஜா."

"அப்பவே சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா பொறாமைன்னு சொல்லியிருப்பாரு. அண்ணாச்சி என்கிட்ட பொய் சொல்லுவாரு, சமூகத்துக்கிட்டயும் சொல்லிட்டாரு. அந்த எஞ்சின்கிட்ட மட்டும் சொல்லமாட்டாருன்னு எனக்குத் தெரியும்."

மானேஜர் தலை குனிந்துகொண்டார். ராஜாவின் கோபம் பாதி இறங்கிவிட்டது. மீதிப் பாதிக்குத்தான் வழி தெரியவில்லை.

"அது கிடக்கட்டும். சொட்டுற காரெல்லாம் பூந்தொட்டின்னு சபையறியச் சொல்லிட்டேனே. என் வாக்கு என்ன ஆகிறது?"

"தாராளமா நிறைவேத்திரலாம் மகாராஜா. எல்லா எஞ்சினையும் கழத்திருவோம். பளிங்குல ஒரு பொட்டு ஆயில் விழாது, நந்தவனமும் நல்லாப் பூக்கும்." கோமதிநாயகம் கைகட்டி நின்றார். "கோட்டையை மட்டும் சமூகம் நடந்தே சுத்திக்கிடலாம்."

ராஜா தன் தொந்தியைக் குனிந்து பார்த்தார். கோட்டை வாசலில் கொளுத்துகிற வெயிலைப் பார்த்தார். பிறகு மண்டபம் அதிரச் சிரித்து, மானேஜர் கழுத்து மாலையை வாங்கி ஆலோசகருக்குப் போட்டுவிட்டு, சிவப்புக் காரில் ஏறி உட்கார்ந்து, "பேட்டரியை மாட்டும் வே," என்றார்.