மந்திரி கொண்டுபோக முடியாதது

ஒரு காலத்தில் கொன்றைநாட்டை வீரகேசரி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் கோபம் வந்துவிட்டால் எதிரே நிற்பது யாரென்று பார்க்க மாட்டார். சிறு வயதில் அவருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர் பூவராகர். பட்டத்துக்கு வந்ததும் ராஜா அவரையே மந்திரியாக வைத்துக்கொண்டார்.

கோட்டைத் தலைவர் மார்த்தாண்டருக்கு இது பொறுக்கவில்லை. ராஜா தனியாக இருந்த சமயம் பார்த்து, 'ராஜா வாயில் வருவதெல்லாம் என் பேச்சுதான்' என்று மந்திரி ஊரெல்லாம் சொல்லித் திரிவதாகப் பற்ற வைத்தார். ராஜாவுக்குச் சுருக்கென்றது. சபை கூடியதும், பூவராகர் பொழுது சாய்வதற்குள் நாட்டைவிட்டுப் போய்விட வேண்டும், அவருடையது ஒரு துரும்புகூட அரண்மனையில் இருக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார்.

பூவராகருக்கு வருத்தமாக இருந்தது. தோளில் தூக்கி வளர்த்த பிள்ளை, என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்றுதான். அப்போது வாசலில் முறையிடக் காத்திருந்த ஒரு பெண் அவர் கண்ணில் பட்டாள்.

"உத்தரவு மகாராஜா. ஆனால் என்னுடையது ஒன்று தங்களிடமே இருக்கிறது. இரண்டு பக்கமும் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் பழக்கம். அது நான் கற்றுக் கொடுத்தது. அதையும் கொண்டுபோகிறேன். இப்போது வரும் வழக்கை ஒரு பக்கம் மட்டும் கேட்டுத் தீர்த்துவிடுங்கள், நான் கிளம்புகிறேன்."

"அவ்வளவுதானே" என்றார் ராஜா, வீம்பாக. மார்த்தாண்டர் மீசைக்குள் சிரித்துக்கொண்டார்.

வந்தவள் மாடு மேய்க்கும் செவந்தி. தன் கறவைப் பசுவை மார்த்தாண்டர் பிடித்துக் கட்டிவைத்திருக்கிறார், கன்று பாலில்லாமல் துவண்டு கிடக்கிறது என்று அழுதாள்.

ராஜாவின் முகம் சிவந்தது. மார்த்தாண்டரைச் சிறையில் போடச் சொன்னார். காவலர்கள் நெருங்கவும் மார்த்தாண்டர் தடாலென்று காலில் விழுந்தார். "மகாராஜா, என் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள்."

"கேட்கலாம்தான். ஆனால் அந்தப் பழக்கத்தை மந்திரி கொண்டுபோகிறாரே" என்ற ராஜாவுக்குச் சொன்ன பிறகுதான் உறைத்தது.

மார்த்தாண்டர் பூவராகர் பக்கம் திரும்பிக் கைகூப்பினார். "ஐயா, அதை மட்டும் விட்டுவிட்டுப் போங்கள்."

"எடுக்கத்தான் பார்த்தேன், வரவில்லை. ராஜாவிடம் வேர் பிடித்துவிட்டது" என்றார் பூவராகர்.

ராஜா இரண்டு பக்கமும் விசாரித்தார். பசு மார்த்தாண்டரின் கரும்புத் தோட்டத்தில் புகுந்தது உண்மை. செவந்தி வந்து கெஞ்சியும் மார்த்தாண்டர் அவிழ்த்துவிடாததும் உண்மை. உடனே பசுவை அவளிடம் ஒப்படைக்கச் சொன்னார். பிறகு பூவராகரைப் பார்த்தார். குரல் தழைந்தது.

"உங்கள் பக்கத்தை நான் கேட்கவே இல்லை. ஊரில் என்ன சொன்னீர்கள்?"

"நான் இல்லாவிட்டாலும் ராஜா நியாயம் தவற மாட்டார் என்றேன்."

ராஜா சிம்மாசனத்திலிருந்து இறங்கி வந்து, தன் பட்டுச் சால்வையை அவருக்குப் போர்த்தி, பழைய இடத்திலேயே உட்கார வைத்தார். மார்த்தாண்டருக்கும் ஒரு வேலை கொடுத்தார்: தினமும் அரண்மனை வாசலில் நின்று, வருகிறவர்களின் குறைகளைக் குறுக்கே பேசாமல் கேட்டுவந்து சபையில் அப்படியே சொல்ல வேண்டும்.

முதலில் பல்லைக் கடித்துக்கொண்டுதான் நின்றார். போகப்போக அது அவருக்கும் ஒட்டிக்கொண்டது. வீட்டில் மனைவி பேசி முடிக்கும்வரை வாய் திறப்பதில்லையாம். அந்த அம்மாள் பூவராகரை வாயார வாழ்த்தினாளாம்.