ஷண்ட்டின் சின்ன ஸ்க்ரூ

கோவையில் ஒரு நிக்கல் முலாம் பட்டறை. அங்கே எலக்ட்ரீஷியன் பொன்னுரங்கத்துக்கு வயது ஐம்பத்தாறு. மாதம் ஒருமுறை வந்து மின்சாரக் கன்ட்ரோலரைச் சரிபார்க்கும் இன்ஜினியர் நஸ்ரீனுக்கு முப்பத்திரண்டு. இதில் சீடர் யார் என்றால், பெரியவர்தான். அவருக்கு அதில் வெட்கம் கிடையாது. கேள்வி கேட்காமல் ஒரு டீ கூடக் குடிக்க மாட்டார்.

அன்றைக்கு அவர் கேட்டது இது.

"ஏனுங்க அம்மிணி, கன்ட்ரோலர் பொய் சொல்லுங்களா?"

"யாருக்குங்ணா சந்தேகம்?"

"எனக்கில்லீங்க. பூவாத்தாளுக்கு."

பூவாத்தாள் முலாம் தொட்டியைப் பார்த்துக்கொள்பவள். குழாய்க் கைப்பிடிகளைத் தொட்டியில் தொங்கவிட்டு, இருபது நிமிடம் கழித்து எடுப்பது அவள் வேலை. இரண்டு மாதமாக முலாம் மெலிந்துபோய், வாங்கியவர்கள் சரக்கைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கன்ட்ரோலரோ எந்நேரமும் நானூறு ஆம்பியர் என்றே காட்டியது. மின்சாரம் சரியாக இருக்கிறது என்றால் நேரம்தான் குறைந்திருக்க வேண்டும். அவள் சீக்கிரமே எடுத்துவிடுகிறாள் என்று முதலாளி முடிவு கட்டிவிட்டார். பதினோரு மணிக்கு அவளை அலுவலகத்துக்கு வரச் சொல்லியிருந்தார். பதினாலு வருட வேலை இன்றோடு போகிறது என்று பட்டறைக்கே தெரியும்.

"முதலாளி உங்களைக் கேக்கலையா?"

"கேட்டாருங்க. நம்பர் பொய் சொல்லாதுன்னு நான்தான் சொன்னேன்."

நஸ்ரீன் மீட்டரை அவர் கையில் கொடுத்துவிட்டு, ஷண்ட் இருந்த இடத்துக்கு நடந்தாள்.

ஷண்ட் என்பது உள்ளங்கை அகல உலோகத் துண்டு. மின்சாரம் போகும் தடித்த செம்புப் பட்டைக்கு நடுவே அதை வைத்துப் பெரிய போல்ட்டுகளால் முடுக்கியிருப்பார்கள். ஐந்நூறு ஆம்பியர் போனால் அதில் எழுபத்தைந்து மில்லிவோல்ட் மின்னழுத்தம் விழும், அதாவது குறையும். அந்தத் துளியை, ஷண்ட்டின் மேலேயே உள்ள இரண்டு சின்ன ஸ்க்ரூக்களில் மாட்டிய மெல்லிய ஒயர்கள் சிக்னல் கண்டிஷனர் என்ற சின்னப் பெட்டிக்குக் கொண்டுபோகும். பெட்டி அதைப் பெரிதாக்கிக் கன்ட்ரோலருக்குச் சொல்லும். அதை நம்பித்தான் கன்ட்ரோலர் மின்சாரத்தைக் கூட்டுவதும் குறைப்பதும். பாவம், அதற்கு வேறு கண் கிடையாது.

"ஒயரை எங்க மாட்டியிருக்கீங்க?"

"பெரிய போல்ட்டுலங்க. மூணு மாசத்துக்கு முன்னால ஷண்ட்டோட சின்ன ஸ்க்ரூ ஒண்ணு கழண்டு தொட்டிக்குள்ள விழுந்துருச்சு. ரெண்டு விரக்கடை தள்ளி போல்ட்டு இருக்குது, இறுக்கமா நிக்கும்னு ரெண்டு ஒயரையும் அதுல மாத்திட்டேன். அன்னிக்கு நம்பர் மாறவே இல்லீங்க."

"போல்ட்டுல வெச்சுப் பாருங்க."

பார்த்தார். "அறுபது மில்லிவோல்ட்டு."

"இப்ப சின்ன ஸ்க்ரூவோட எடத்துல."

பார்த்தார். துடைத்துவிட்டு இன்னொரு முறை பார்த்தார்.

"நாப்பத்தஞ்சு காட்டுதுங்க."

"அப்ப எத்தனை ஆம்பியர்?"

உதடு அசைய மனதுக்குள் பெருக்கினார். "முன்னூறு." அவர் குரல் இறங்கிவிட்டது. "மீதி நூறு எங்க போச்சு அம்மிணி?"

"எங்கயும் போகலைங்ணா. வரவே இல்லை."

மின்சாரத்தை நிறுத்திப் போல்ட்டுகளைக் கழற்றினார்கள். தொட்டியின் ஆவி பட்டு, செம்புப் பட்டையும் ஷண்ட்டும் சேரும் இடம் பச்சைக் களிம்பு பூத்துக் கிடந்தது. அந்த அழுக்கைத் தாண்ட விழுந்த பதினைந்து மில்லிவோல்ட்டையும் ஷண்ட்டில் விழுந்ததாகவே ஒயர் சொல்லியிருக்கிறது. நானூறு வந்துவிட்டது என்று கன்ட்ரோலர் நிம்மதியாக இருந்திருக்கிறது.

அந்த நிலையிலும் பொன்னுரங்கத்துக்குக் கேள்வி அடங்கவில்லை.

"அத்தனை கரன்ட்டும் போல்ட்டு வழியாத்தானுங்க போகுது. அங்க வெச்சுப் பாத்தா தப்பா வருது. ஒண்ணுமே போகாத சின்ன ஸ்க்ரூவுல வெச்சுப் பாத்தா எப்படிங்க சரியா வருது?"

"ஒண்ணுமே போகாததுனாலதாங்ணா. போல்ட்டு அழுக்கோட கணக்கையும் சேத்துச் சொல்லும், சின்ன ஸ்க்ரூ ஷண்ட்டை மட்டும்தான் சொல்லும்."

பச்சையைத் தேய்த்தெடுத்து, புது ஸ்க்ரூ போட்டு, ஒயர்களை அதன் இடத்துக்கு மாற்றினார்கள். மின்சாரம் வந்ததும் கன்ட்ரோலர் முன்னூறுக்குப் பக்கத்தில் தயங்கி, மெல்ல நானூறுக்கு ஏறியது. இந்த முறை மீட்டரும் அதையே சொன்னது.

"இனி முலாம் சரியா வந்துரும்" என்றார் பொன்னுரங்கம். "நாம மாத்தினது யாருக்கும் தெரியாதுங்க."

சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே அது நாராசமாகக் கேட்டது. நஸ்ரீன் பையை மூடிக்கொண்டு அலுவலகப் பக்கம் நடந்தாள். அவரும் பின்னாலேயே போனார்.

அலுவலகத்துக்கு வெளியே பெஞ்சில் பூவாத்தாள் உட்கார்ந்திருந்தாள். டிபன் பாக்ஸ், செருப்பு எல்லாவற்றையும் பைக்குள் முன்கூட்டியே எடுத்து வைத்திருந்தாள். இவர்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நடைவழியின் திருப்பத்திலேயே நஸ்ரீன் நின்றுவிட்டாள். "உள்ள போய் என்ன சொல்லப் போறீங்க?"

"சொல்லிடறேனுங்க. ஸ்க்ரூ விழுந்துருச்சு. ஸ்டோர்ல கேட்டும் அப்பப் புதுசு தரலை. ஆவி வேற அடிக்குது, அந்தப் பட்டையை யாரும் தொடைக்கறதில்லை. மாட்டின அன்னிக்கு நம்பர் சரியாத்தான் இருந்துச்சு. அதனால ஒயரை..."

"அதுல போல்ட்டு எவ்வளவு, ஷண்ட் எவ்வளவுங்ணா?"

பொன்னுரங்கம் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

"ஸ்க்ரூ இல்லாததால ஒயரை நான் மாத்தி மாட்டிட்டேனுங்க."

"இன்னும் கொஞ்சம் போல்ட்டு இருக்கு."

அவர் பெஞ்சைப் பார்த்தார். முப்பது வருடமாகக் கட்டிக்காத்த கைராசிப் பேர் இன்னும் பத்து நிமிடத்தில் போய்விடும். பயமாக இருந்தது. பூவாத்தாள் மடியில் இருந்த பையைப் பார்க்கப் பார்க்க, பயத்தைவிட வெட்கம் அதிகமாகிவிட்டது.

"ஒயரை நான் தப்பா மாட்டிட்டேன்" என்றார். "நம்பர் சரின்னு சொன்னதும் தப்பு. பூவாத்தா நேரத்தைக் குறைக்கவே இல்லை."

கடைசியில் அவர் 'ங்க' போடவும் மறந்திருந்தார். நஸ்ரீன் வழிவிட்டு ஒதுங்கி நின்றாள்.

"கதவைத் தட்டுங்க" என்றாள்.