கஸ்பார் சுட்ட கிரீம் பிஸ்கட்

சிப்பித்துறையில் விவரம் தெரிந்தவர்கள் எல்லாரும் கடலுக்குப் போயிருந்த ஒரு நாளில், கரையில் மிச்சம் இருந்த மூன்று பேர் பிஸ்கட் சுட்டார்கள். பொழுது போகாமல் சுட்டதல்ல. கஸ்பாரின் கல்யாணமே அந்த பிஸ்கட்டை நம்பித்தான் இருந்தது.

மெற்றில்டாவைப் பார்த்த நாள் முதல் கஸ்பாருக்குச் சோறு இறங்கவில்லை. அவளோ, "ஒரு பிஸ்கட்டாவது தன் கையால சுடத் தெரிஞ்ச ஆளைத்தான் கட்டுவேன்" என்று சொல்லிவிட்டாள். சாயங்காலம் அப்பாவோடு வந்து தின்று பார்ப்பதாக ஏற்பாடு. பாவம், கஸ்பார் வெந்நீர் வைத்தாலே அடிப்பிடிக்கும். அக்கா பிலோமிக்குத் தம்பி மேல் இரக்கம் வந்து, மாவைப் பிசைந்து உருட்டி ஃப்ரீசரில் வைத்தாள். "குளிர் விட்டதும் வெட்டு. இடம் விட்டு அடுக்கு. அடி கருகாமப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு மாமியார் வீட்டுக்குப் பஸ் ஏறினாள்.

கஸ்பார் துணைக்கு இரண்டு நண்பர்களைக் கூப்பிட்டுக்கொண்டான். ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கும் வியாகப்பன் மாவைத் தொட்டுப் பார்த்து முகம் வாடினான்.

"கல்லா விறைச்சுப் போய்க் கிடக்குலே. கம்பளி போத்துங்க."

போர்த்தினார்கள். வெகுநேரம் கழித்துத் திறந்தால் மாவு அப்படியே கிடந்தது. "ஒரு கம்பளி காணாது" என்று இன்னொன்றையும் சுற்றினான். ஐஸ் உருகாமல் இருக்கத் தினமும் சாக்குப் போட்டு மூடுகிற கைதான் அது. ஆனால் வியாகப்பன் கம்பெனி விஷயத்தை வீட்டுக்குக் கொண்டுவர மாட்டான்.

கடைசியில் வள்ளம் கட்டும் தச்சன் இன்னாசி ரம்பத்தால் மாவை அறுத்தான். பாதி தூளாய்ப் போனது. மீதியில் கொஞ்சத்தைக் கஸ்பார் தட்டின் ஒரு மூலையில் நெருக்கி அடுக்கி, மற்ற இடத்தையெல்லாம் காலியாக விட்டான். அக்கா சொன்ன இடம் தாராளமாகவே இருந்தது.

ஓவனைத் திறந்தபோது எல்லாம் ஒட்டி ஒரே அடையாகக் கிடந்தது. மூவரும் அதைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"ஒரே உருண்டையில கூடப்பிறந்ததுக. பாசம் விடுமா?" என்றான் வியாகப்பன்.

"பாகம் பிரிச்சிருவோம்" என்றான் இன்னாசி. அடுத்த தட்டில் ஒவ்வொன்றுக்கும் நடுவே மரச்சில்லால் சுவர் வைத்தான். அப்புறம் பிஸ்கட்டுகள் ஒன்றையொன்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் அடி கரியாகிவிட்டது, மேலே பச்சை மாவு.

கஸ்பாருக்கு அழுகையே வந்துவிட்டது. "அவ வர நேரமாச்சுலே. நான் கட்டைப் பிரம்மச்சாரியாத்தான் போவேன்."

"அழாதடே. சூடு கீழருந்து வருது, அதான் அடி கருகுது. ஓவனைத் தலைகீழாக் கவுத்திட்டா?" என்றான் வியாகப்பன்.

கவிழ்த்தார்கள். அடுத்த தட்டில் அடி பச்சை, மேலே கரி. இன்னாசி கன்னத்தில் கை வைத்து நெடுநேரம் யோசித்தான். பிறகு அடி கருகிய தட்டில் ஒன்று, மேலே கருகிய தட்டில் ஒன்று என்று எடுத்து, பச்சையோடு பச்சையைச் சேர்த்து அழுத்தினான்.

"என்னலே இது?"

"கிரீம் பிஸ்கட்."

கஸ்பார் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். அந்த நேரம் பார்த்து மெற்றில்டாவும் அவள் அப்பா தொம்மையும் வாசலில் வந்து நின்றார்கள்.

தொம்மை ஒன்றைக் கடித்தார். கண்ணை மூடினார். "கிரீம் சில்லுன்னு இருக்குய்யா! கடையில வாங்குனா இந்தச் சில்லு வராது."

மெற்றில்டா பிஸ்கட்டைத் தொடவில்லை. கவிழ்ந்து கிடந்த ஓவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். "இதை ஏன் கவுத்தி வச்சிருக்கீங்க?"

கஸ்பாருக்குப் பொய் சொல்ல வராது. அக்கா, கம்பளி, ரம்பம், பாசம் என்று முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னான். அவள் கேட்டு முடித்தாள். ஓவனை நிமிர்த்தி, மிச்சமிருந்த கொஞ்சம் மாவைத் தள்ளித் தள்ளி வைத்து, தட்டை அடியில் தள்ளாமல் நடுத்தட்டில் செருகினாள். கொஞ்ச நேரத்தில் பொன்னிறமாக வெந்து வந்தது.

நால்வரும் ஆளுக்கொன்று எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். இன்னாசி தன்னுடையதை இரண்டாக உடைத்து உள்ளே உற்றுப் பார்த்தான்.

"கிரீமைக் காணோமே" என்றான்.

"சில்லுன்னும் இல்ல" என்றார் தொம்மை. மகளை நினைத்து அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது.

மெற்றில்டாவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. அந்த நான்கு முகங்களையும் பார்த்ததும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்து, வயிற்றைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டாள். "இவரைத் தனியா விட்டா வீட்டையே கவுத்திருவாரு. சரிப்பா, நான் கட்டிக்கிடுதேன்."

தொம்மை கைகூப்பிக்கொண்டு கஸ்பார் பக்கம் திரும்பினார். "மாப்ள, பொண்ணு சமையலை நீங்களே பாத்துட்டீங்க. உங்க முடிவு என்ன?"

கஸ்பார் நண்பர்களைத் தனியாக அழைத்துப் போய் ஆலோசித்தான். திரும்பி வந்து, பெரிய மனசோடு சொன்னான்.

"பரவாயில்ல மாமா. கல்யாணத்துக்குப் பொறவு நான் சொல்லிக் குடுத்துக்கிடுதேன்."